புன்னமடைக் காயலில் ஒரு நாள்

மார்டள்ளி மலைச்சாரலில் பிறந்தோர்க்கு ஓடம் என்றால் பரிசலே நினைவிற்கு வரும். ஒகேனக்கல்லில் மூங்கிலால் முடைந்த அவ்வட்டக் கலத்தை ஒருவரே ஒற்றைத் துடுப்பால் சுழற்றிச் செல்வதை இளமை முதல் கண்டவர் நாம். நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே மரக்கலத்தில் அமர்ந்து ஒரே கையசைவாய்த் துடுப்பு வலிக்கும் காட்சியையும் ஒரு நாள் காண வேண்டும் என்று நம் குடியிருப்புக் குடும்பத்தார் பல காலம் பேசி வந்தோம்.

அவ்வெண்ணம் 2024-ஆம் ஆண்டில் கைகூடியது. எனினும் எளிதில் கைகூடவில்லை. ஆலப்புழைப் புன்னமடைக் காயலில் நேரு கோப்பைப் படகுப் பந்தயம் ஆகஸ்டுத் திங்கள் இரண்டாம் சனிக்கிழமை நடப்பது நெடுநாள் வழக்கம். அவ்வாண்டு ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வயநாட்டில் பெய்யும் மழையே கபினியாகி நம் மைசூர்ச் சீமைக்கு வருகின்றது. அத்துயரம் நமக்கும் அயலன்று. பந்தயம் தள்ளி வைக்கப்பட்டது. யாமும் பயணச்சீட்டுகளை இரத்துச் செய்தோம்.

அவ்வாண்டு நடவாமலே போகுமோ என்ற ஐயம் எழுந்தபோது குட்டநாட்டுப் படகுச் சங்கத்தார் வருந்தி முறையிட்டனர். துடுப்பு வலிப்போரைப் பல நாள் ஓரிடத்தில் தங்க வைத்து, உணவளித்துப் பயிற்றுவதற்குப் பெருந்தொகை முன்னரே செலவாகியிருந்தது. துக்கத்தில் கொண்டாட்டம் எதற்கு என்பாரும், கடன்பட்ட ஊர் என்செய்யும் என்பாரும் ஆக இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. முடிவில் செப்டம்பர் 28 என நாள் குறிக்கப்பட்டது. மாலையில் மைசூரில் இரயிலேறி, மறுநாட் காலை எர்ணாகுளத்தில் இறங்கி, ஆலப்புழை சென்று சேர்ந்தோம்.

இனி இதன் வரலாற்றைச் சிறிது கூறுவோம். இப்படகிற்குச் சுண்டன் வள்ளம் என்று பெயர். வள்ளம் நமக்கும் உரிய சொல்லே. சுண்டு என்பது மலையாளத்தில் உதட்டையும் பறவையின் அலகையும் குறிக்கும். நாம் சொண்டு என்கிறோம். படகின் முன்புறம் அணியம், பின்புறம் அமரம். இவ்விரு சொற்களும் தமிழ் அகராதியில் அதே பொருளில் இருப்பதை வீட்டுக்கு வந்தபின் பார்த்து மகிழ்ந்தோம். சுக்கான் துடுப்புப் பிடிப்போரை அங்கே அமரக்காரர் என்பர்.

சுண்டன் வள்ளம் நூறு முதல் நூற்று நாற்பது அடி வரை நீளமுடையது; ஆஞ்சிலி மரத்தால் ஆவது. அமரம் பாம்பு படமெடுத்தாற்போல் உயர்ந்து நிற்கும். நீரில் வழுக்கிச் செல்ல மீன்நெய்யும் சிரட்டைக்கரியும் கலந்து அடிப்புறம் பூசுவது பழைய வழக்கம். முற்காலத்தில் இது போர்க்கலம். செம்பகச்சேரி அரசருக்காகக் கொடுப்புன்ன ஊர் வேங்கடநாராயண ஆசாரி இதனை அமைத்தார் என்றும், பகைவரான காயங்குளத்து அரசர் அக்கலையைக் களவில் கற்றுவர ஓர் இளைஞனை ஆசாரியிடம் அனுப்பினார் என்றும் செவிவழிக் கதை உண்டு. இளைஞன் கற்றுச் சென்று செய்த படகும் தோற்றதாம். ஆசாரி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும்! பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வரசுகளைத் திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மர் வென்றடக்கிய பின் போர் ஒழிந்தது. படகுகள் கோயில் விழாவிற்கும் பந்தயத்திற்கும் உரியவாயின.

1952 டிசம்பர் 27 அன்று பிரதமர் நேரு, அந்நாளில் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலமாயிருந்த அப்பகுதிக்கு வந்து, கோட்டயத்திலிருந்து நீர்வழியே ஆலப்புழை சென்றார். அவரை வரவேற்க நடத்திய பந்தயத்தில் நடுபாகம் சுண்டன் வென்றது. காவலரையும் பொருட்படுத்தாது நேரு அப்படகில் தாவி ஏறினார். படகுத்துறை வரை அதிலேயே சென்றார். தில்லி திரும்பியபின் படகு வடிவில் ஒரு வெள்ளிக் கோப்பை செய்வித்து அனுப்பினார். அதற்காகவே ஆண்டுதோறும் இப்பந்தயம். அன்று வென்ற நடுபாகம் மறுபடி கோப்பையைத் தொட 2019 வரை காத்திருந்தது என்றால் போட்டியின் கடுமை விளங்கும்.

யாம் சென்ற அன்று கரையெங்கும் திருவிழா. நேந்திரம் வறுவலும் மரவள்ளிக் கிழங்கும் மீனும் மணக்க, தென்னையிலும் ஓட்டு வீட்டுக் கூரையிலும் மக்கள் ஏறியிருந்தனர். எம் குழந்தைகள் வெயிலில் வாடி, வீட்டிற்குப் போவோம் என்று அழத் தொடங்கினர். வெப்பு, இருட்டுகுத்தி முதலிய சிறு படகுகளும் மகளிர் வலித்த படகுகளும் முதலில் ஓடின. எம்முடன் வந்த பெரியப்பா ஒருவர் முன்னாளில் பரிசல் ஓட்டியவர். அவர் துடுப்பு வலிப்போரைப் பார்க்கவேயில்லை. "அமரத்துல நிக்கிறவனைப் பாருங்கப்பா, படகு அவன் கையில இருக்கு" என்றார். அதன்பின் யாமும் அங்கேயே நோக்கினோம்.

மாலையில் இறுதிப் போட்டி. நான்கு சுண்டன்கள் ஒன்றையொன்று ஒட்டிப் பறந்தன. கரிச்சால் 4 நிமிடம் 29.785 நொடி, வீயபுரம் 4 நிமிடம் 29.790 நொடி. ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடி! பயணிகளுக்கான இரயில் கால அட்டவணையில் நிமிடத்திற்குக் கீழ் அளவேயில்லை. அதனோடு வாழ்ந்து பழகிய எமக்கு அவ்வெண்ணை நம்ப நெடுநேரம் ஆயிற்று. கரிச்சாலை வலித்த பள்ளாத்துருத்தி போட் கிளப்பிற்கு அது தொடர்ந்து ஐந்தாம் வெற்றி. முடிவை ஏற்காது முறையீடும் எழுந்தது. கரையில் எம்மருகே நின்ற வீயபுரத்து முதியவர் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தார். அவ்வூர்ப் படகில் அவர் வீட்டுப் பணமும் இருந்திருக்கும்.

படகு ஊராருடையது, வீட்டுக்கு வீடு பங்கு தந்து காப்பது. நம் சங்கத்தில் சந்தாத் தண்டுவோர் படும்பாடு அப்போது நினைவிற்கு வந்தது என்பதை மறைப்பானேன்?

மறு ஆண்டு, 2025 ஆகஸ்டு 30 அன்று, வீயபுரம் சுண்டனே கோப்பையை வென்றது. நாளிதழில் கண்டு பெரியப்பாவிடம் கூறினோம். அவர் பிறிதொன்றும் கேளாது, "எவ்வளவு வித்தியாசம்?" என்று மட்டும் கேட்டார்.