கோழிக்கு 1959, கர்ப்பிணிக்கு 1971

மருந்தின் வரலாறு என்றால் அதைக் கண்டுபிடித்தவரின் வரலாறு என்றே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதை விழுங்கியவர்களின் பக்கமிருந்து எழுதிப் பார்த்தால் என்ன? டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை வைத்து அப்படியொரு வாசிப்பை முன்வைக்கிறேன்.

1938இல் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் இதை உருவாக்கினர். பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு என்பதால் காப்புரிமை இல்லை. மலிவான சரக்கு, மருந்துக் கம்பெனிகள் போட்டி போட்டுத் தயாரித்தன. பாஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் தம்பதியர் கருச்சிதைவைத் தடுக்க இதைக் கொடுக்கலாம் என்றார்கள். 1947இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி தந்தது. அதே காலத்தில்தான் கோழியின் கழுத்துத் தோலுக்கடியிலும் இதே பொருள் வில்லையாக வைக்கப்பட்டது. 1954இலிருந்து மாட்டுத் தீவனத்திலும் கலந்தார்கள். எதற்கு? தீனி குறைய வேண்டும், எடை கூட வேண்டும். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இப்பொருள் உடலின் வளர்சிதை மாற்றத்தில் கை வைக்கிறது என்பது தொழுவத்தில் ரகசியமல்ல. அதற்காகத்தான் அங்கே அதை வாங்கினார்கள். பிரசவ வார்டுக்குள் நுழைந்ததும் அந்த அறிவு காணாமல் போய்விடுகிறது. 1950களின் மருத்துவ இதழ் விளம்பரமொன்று, குழந்தை பெரிதாகவும் திடமாகவும் பிறக்கும் என்றது. கோழிப்பண்ணைக்காரனிடம் சொன்னதையே தாயிடமும் சொன்னார்கள்.

1953இல் சிகாகோவில் வில்லியம் டீக்மன் குழுவினர் சுமார் 1,600 கர்ப்பிணிகளிடம் சோதித்து, கருச்சிதைவைத் தடுப்பதில் பயனில்லை எனக் காட்டினர். தங்களை வைத்துச் சோதனை நடந்ததே தெரியாது என்று அப்பெண்களில் சிலர் பின்னாளில் வழக்குத் தொடுத்தனர். மாத்திரை மட்டும் நிற்கவில்லை.

1959இல் கோழிக்கு நிறுத்தினார்கள். இறைச்சியில் தங்கும் எச்சம் தின்பவருக்குப் புற்றுநோய் தரலாம் என்ற பயம். ஆக, காப்பாற்றப்பட்டது கோழியல்ல, நுகர்வோன். கர்ப்பிணிக்கோ மேலும் 12 வருஷம். 1971இல் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் குழுவினர் யோனிப் புற்றுநோய் கண்ட 8 இளம்பெண்களை ஆராய்ந்தபோது, 7 பேரின் தாய்மார் கர்ப்பத்தில் இதை உட்கொண்டிருந்தனர். அதன் பிறகே கர்ப்பிணிகளுக்குத் தரக் கூடாதென்றது நிர்வாகம். மாட்டுக்கு 1979 வரை ஓடியது.

ரெத்தா நியூபோல்டின் ஆய்வுகளில், பிறந்தவுடன் மிகச் சிறு அளவு டி.இ.எஸ். தரப்பட்ட சுண்டெலிகள் வளர்ந்தபின் பருத்தன. ஊசி போட்டது குட்டிப் பருவத்தின் முதல் சில நாட்களில். விளைவோ மாதங்கள் கழித்து. கொழுப்பு சேர்க்கும் இத்தகைய ரசாயனங்களுக்கு 2006இல் புரூஸ் புளூம்பெர்க் 'ஒபிசோஜன்' என்று பெயரிட்டார். எலியில் கண்டதை அப்படியே மனுஷியின் மேல் ஏற்றிவிடக் கூடாதுதான். ஆனால் தொழுவம் அறிந்திருந்ததை ஆய்வுக்கூடம் கேள்வியாக்க அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இதே டாட்ஸ், பிஸ்பினால் ஏ-யும் ஈஸ்ட்ரோஜன்போல இயங்குவதை 1936இலேயே கண்டவர். பிறகு அது பிளாஸ்டிக் ஆனது, பால்புட்டி ஆனது. ஐரோப்பிய ஒன்றியம் பால்புட்டியில் அதைத் தடை செய்தது 2011இல்.

பிள்ளை குண்டாகிவிட்டால் இன்றும் நாம் அம்மாவிடம்தான் கேட்கிறோம்: 'மாசமா இருக்கும்போது என்னத்தத் தின்னே?' சரி, கேட்போம். அவளுக்கு அதைத் தின்னக் கொடுத்தது யார், அவர்களுக்கு அப்போதே என்ன தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்தே கேட்போம்.