கட்டற்ற மென்பொருளும் கட்டிய பணமும்

மென்பொருள் ஆர்வலர்கள் தாமே கூடி நடத்தும் மாநாடுகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் மேடையைப் பற்றியவை. யார் பேசினார், எந்தத் திட்டம் அங்கே முதன்முதலில் அறிவிக்கப்பட்டது என்பன பதிவாகின்றன. நுழைவுச்சீட்டின் விலை என்ன, அரங்கு வாடகையை யார் கொடுத்தார், மதியச் சோறு யார் செலவில் வந்தது என்பன பதிவாவதில்லை. இந்த நீள்பதிவு அந்தக் கணக்கேட்டுப் பக்கத்தைப் பற்றியது. விலை என்பது வரவையும் செலவையும் ஈடுகட்டும் எண் மட்டுமன்று. ஒரு கூட்டத்துக்கு உரியவர் யார் என்பதை அறிவிக்கும் சொல்லும் அதுவே. இதைத்தான் இங்கே வரலாற்றைக் கொண்டு சொல்ல முயல்கிறேன்.

சாமராஜநகரில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. இதன் கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்கும் எல்லை நிலம். இங்கிருந்து மைசூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெங்களூர் ஏறத்தாழ 180. தென்னிந்தியாவின் பெரிய மென்பொருள் மாநாடுகள் பலவும் நடப்பது பெங்களூரில். 'அனுமதி இலவசம்' என்று அறிவிக்கப்படும் மாநாட்டுக்குப் போய்வர இவ்வூர் மாணவருக்கு இருவழிப் பேருந்துக் கட்டணமும் ஓர் இரவுத் தங்கலும் வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவராயின் ஒருநாள் கூலியும் போகும். ஆகவே விலையைப் பற்றிய பேச்சு இங்கே கோட்பாட்டுப் பேச்சன்று.

பொதுக்காரியத்துக்குப் பணம் சேர்க்கும் முறைகள் நம் ஊர்களில் பழையவை. அவற்றுள் மூன்றை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். ஒன்று தலைக்கட்டு வரி: கோயில் கொடைக்கு ஊரிலுள்ள ஒவ்வொரு குடும்பமும் சமமாகச் செலுத்துவது. இரண்டாவது மண்டகப்படி: திருவிழாவின் ஒருநாள் செலவை ஒரு குடும்பமோ வணிகக் குழுவோ ஏற்று, அதற்குரிய மரியாதையைப் பெறுவது. மூன்றாவது தண்ணீர்ப்பந்தல்: வருபவர் யார் என்று கேளாமல் கொடுப்பது. இம்மாவட்டத்து மாதேஸ்வரன் மலையில் தமிழரும் கன்னடியரும் ஒரே பந்தியில் உண்ணும் தாசோகம் இம்மூன்றாம் வகை. கணினி உலகம் தன் கூட்டங்களுக்குப் பணம் திரட்டிய வழிகளும் இம்மூன்றின் கலவைகளே.

கணினிப் பயனர்கள் தாமே கூடிய முதல் பெரிய அமைப்பு 1955-இல் அமெரிக்காவில் தோன்றிய 'ஷேர்'. ஐபிஎம் 704 என்னும் கணினியை வாங்கியவர்கள், அதற்கான நிரல்களை ஆளுக்கொன்றாக எழுதிச் சோர்வதைவிடப் பகிர்ந்துகொள்வது நன்று என்று கண்டு கூடினர். ஆனால் அதில் உறுப்பினர் என்பவர் தனிமனிதரல்லர். கணினி வைத்திருந்த நிறுவனம். வேறு சொற்களில், தலைக்கட்டாக மதிக்கப்பட்டது எந்திரம்தான். தனிமனிதர் தலைக்கட்டாக இருபது ஆண்டுகள் ஆயின. 1975 மார்ச்சில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டின் கார்க்கொட்டகையில் 'ஹோம்புரூ' கணினிக் கழகம் கூடியது. கையில் எந்திரம் இல்லாதவரும் அங்கே வரலாம். ஆப்பிள் கணினியின் முதல் வடிவம் அக்கழகத்தாரின் கண்முன்தான் காட்டப்பட்டது.

பத்தாண்டுகள் கழித்து, 1985-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். அக்காலத்தில் அவர் ஈமாக்ஸ் நிரலை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆங்கிலத்தில் விடுதலைக்கும் விலையின்மைக்கும் ஒரே சொல் நின்று குழப்பம் விளைவித்தது. தமிழ் இங்கே தப்பித்தது: 'கட்டற்ற' வேறு, 'இலவச' வேறு. எனினும் தமிழிலும் ஒரு சுவையான உறவு உண்டு. நாம் பணத்தைக் 'கட்டுகிறோம்'. கயிற்றையும் வீட்டையும் கட்டுவதற்குரிய அதே வினை. பணம் கட்டியவர் கூட்டத்தோடு கட்டுண்டவராகவும் ஆகிறார். கட்டற்ற மென்பொருளின் கூட்டங்களில் யார் பணம் கட்டுவது என்னும் வினா அங்கிருந்தே தொடங்குகிறது.

அவ்வினா முதலில் வெளிப்படையாக எழுந்தது பெர்ல் மொழியாளரிடையே. 1997-இல் ஓரெய்லி பதிப்பகம் பெர்ல் மாநாட்டைத் தொடங்கியது. நன்கு நடந்த மாநாடுதான். ஆயினும் நிறுவனத்தின் செலவில் வருவோரே தாங்கக்கூடிய விலை. 1999-இல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கெவின் லென்சோ என்பவர், மாணவரும் கைப்பணத்தில் வரக்கூடிய மலிவான மாநாடொன்றை நடத்தினார். 'இன்னுமொரு பெர்ல் மாநாடு' என்பதே அதன் பெயரின் பொருள். பேசுபொருள் ஒன்று, மொழி ஒன்று. இரண்டாவது மாநாடு பிறக்க விலையே காரணம். ஓரெய்லியின் மாநாடு விரிந்து 'ஆஸ்கான்' ஆயிற்று; 2020-இல் பெருந்தொற்று வந்தபோது அந்நிறுவனம் நேரடி மாநாட்டுத் தொழிலையே மூடியது. மலிவான மாநாடு பெயர் மாறி இன்றும் கூடுகிறது. இலாபம் குறைந்தபோது விட்டுவிலக வேண்டிய உரிமையாளர் அதற்கு இல்லை.

தண்ணீர்ப்பந்தல் வழியில் சென்றவர்களும் உண்டு. பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் 2001 முதல் ஆண்டுதோறும் கூடும் 'ஃபாஸ்டெம்' மாநாட்டுக்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. பல்கலைக்கழக வளாகம், தன்னார்வலர் உழைப்பு, ஆதரவு நிறுவனங்கள், விரும்பியோர் தரும் நன்கொடை ஆகியவற்றின்மேல் அது நிற்கிறது. 2005-இல் பாலோ ஆல்டோவில் பிறந்த 'பார்கேம்ப்' இன்னும் எளியது. அழைக்கப்பட்டோர் மட்டுமே செல்லக்கூடிய ஒரு கூட்டத்துக்கு மறுமொழியாக, யாரும் வரலாம், வருபவர் பேசவும் வேண்டும் என்னும் விதியோடு அது தொடங்கியது. அதில் வரி பணமாக வாங்கப்படவில்லை; உழைப்பாக வாங்கப்பட்டது. 2006-இல் அது தில்லிக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்துவிட்டது.

ஆனால் நம் நாட்டில் அதற்கு முன்பே கூட்டங்கள் இருந்தன. சென்னை லினக்ஸ் பயனர் குழு நெடுங்காலம் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் சென்னை ஐஐடி வளாகத்து வகுப்பறையில் கூடிவந்தது. கட்டணம் இல்லை. கரும்பலகையும் நாற்காலியும் மின்சாரமும் பொதுமக்களின் வரிப்பணத்தில் ஏற்கெனவே இருந்தவை. சொல்லப்படாத மண்டகப்படி அது. பெங்களூரில் 2001-இல் தொடங்கிய 'லினக்ஸ் பெங்களூர்', 2005 முதல் 'ஃபாஸ்.இன்' என்னும் பெயரில் பன்னாட்டு மாநாடாக வளர்ந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களுள் முதன்மையானவர் அதுல் சிட்னிஸ். 2012-க்குப் பின் அது கூடவில்லை. அவரும் 2013-இல் மறைந்தார். ஒருசிலரின் தோள்மேல் நிற்கும் திருவிழா அத்தோள்கள் சாயும்போது நின்றுவிடுகிறது. பயனர் குழுவின் மாதக்கூட்டம் நெடுநாள் நிலைத்ததற்கு அதன் எளிமையும் ஒரு காரணம். ஒரு வகுப்பறையை இழந்தால் இன்னொன்றைத் தேடிக்கொள்ளலாம்.

2009-இல் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் முதல் 'பைகான் இந்தியா' கூடியது. பதிவுசெய்த சங்கமொன்று பொறுப்பேற்றதால் அது புணே, தில்லி, ஐதராபாத் என்று ஊர் மாறியும் தொடர்ந்தது. 2019-இல் சென்னைக்கு வந்தது. சங்கத்தின் முதன்மையரான கென்னத் கொன்சால்வஸ் வாழ்ந்தது உதகையில். எங்கள் குண்டல்பேட்டையிலிருந்து பந்திப்பூர்க் காட்டைக் கடந்தால் வரும் மலைநகர். 2012-இல் அவர் மறைந்தபின் அவர் பெயரில் ஆண்டுதோறும் விருது வழங்கப்படுகிறது. பெருநகரில் வாழாமலேயே ஒரு நாட்டளாவிய சமூகத்துக்கு உழைக்க முடியும் என்பதற்கு அவர் சான்று.

பைத்தான் மொழியாளரின் அமெரிக்க மாநாடு நெடுங்காலமாக ஒரு விதியைக் கடைப்பிடித்துவந்துள்ளது: எல்லோரும் கட்டணம் செலுத்த வேண்டும். பார்வையாளர் மட்டுமன்றிப் பேச்சாளரும் அமைப்பாளரும் செலுத்துவர். இயலாதவருக்கு நிதியுதவி உண்டு. முதன்முறை கேட்போர் திகைப்பர்: பேச வருபவரிடமே பணமா? தலைக்கட்டு வரியை அறிந்தவர் திகைக்கமாட்டார். பூசாரி குடும்பமும் வரி கொடுக்கும்; விழா எல்லோருக்கும் உரியது என்பதற்கு அதுவே அடையாளம்.

அதே வரியின் கொடிய முகத்தையும் மறைக்கக் கூடாது. நம் ஊர்களில் ஒருவரை ஒதுக்க எண்ணியபோது, அவரிடம் கூடுதலாகப் பணம் கேட்கவில்லை. அவர் தந்த வரியை வாங்க மறுத்தார்கள். தலித் குடும்பங்களிடம் வரி வாங்காத திருவிழாக்கள் இருந்தன. வரி வாங்கினால் உரிமையும் மரியாதையும் தரவேண்டுமே! பணம் கேட்கப்படாமை எப்போதும் கருணையாகாது என்பதை இது காட்டுகிறது. 'மாணவருக்கு இலவசம்' என்று அறிவித்துவிட்டு, நிகழ்ச்சியைத் திட்டமிடும் குழுவில் ஒரு மாணவரையும் சேர்க்காத மாநாடு, அவர்களை விருந்தினராக்குகிறதே ஒழிய உரியவராக்கவில்லை.

இனிக் கணக்கு. கற்பனையாக ஒரு மாநாட்டை எடுத்துக்கொள்வோம்: 200 பேர், ஒருநாள். அரங்கும் ஒலியமைப்பும் 80,000 ரூபாய். ஆளொன்றுக்கு உணவும் தேநீரும் 400 ரூபாய் என்றால் அதுவும் 80,000. மொத்தம் 1,60,000, தலைக்கு 800 ரூபாய். பாதிப்பேர் மாணவர், அவர்களுக்கு 200 ரூபாய் போதும் என்று முடிவுசெய்தால் மற்ற நூறுபேர் தலைக்கு 1,400 கட்டவேண்டும். அதற்குத் தயங்கி ஒரு நிறுவனத்திடம் ஓர் இலட்சம் வாங்கினால் எல்லோருக்கும் 300 ரூபாய் ஆகிவிடும். இங்கேதான் இடர். அந்நிறுவனம் அடுத்த ஆண்டு கைவிரித்தால் 300 ரூபாய் ஒரே பாய்ச்சலில் 800 ஆகும். 300 ரூபாய்க்குப் பழகியவர் வரமாட்டார். இதன்மேல், நடத்தும் அமைப்பு சரக்கு-சேவை வரிக்குப் பதிவுசெய்திருந்தால் 18 விழுக்காடு சேர்ந்து 800 என்பது 944 ஆகும். மண்டகப்படிக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் தரும் பணத்தை ஆண்டுக்கு ஆண்டு மாறும் செலவுகளுக்கு, அதாவது பயணப்படிக்கும் தங்குமிடத்துக்கும், ஒதுக்கிவிட்டு, அரங்கும் சோறும் வருவோர் கட்டும் பணத்திலேயே நிற்குமாறு பார்த்துக்கொள்வது நல்லது. அப்போது அவர் விலகினாலும் மாநாடு நிற்காது.

டெபியன் சமூகம் இதற்கு ஏறத்தாழ நெருங்கிய முறையொன்றை வைத்திருக்கிறது. அதன் ஆண்டு மாநாட்டில் அடிப்படைப் பதிவு இலவசம். தொழில்முறையாளராக வருபவரும் நிறுவனத்தின் சார்பில் வருபவரும் தத்தம் நிலையைத் தாமே கூறி அதற்கேற்ற தொகையைக் கட்டுவர். பயணம், தங்கல், உணவு ஆகியவற்றுக்கு உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். நுழைவுச்சீட்டைவிடப் பேருந்துச்சீட்டே பெரிய தடை என்பதை உணர்ந்த முறை இது. 2023 செப்டம்பரில் அம்மாநாடு கொச்சியில் நடந்தது. அதே ஆண்டு ஜனவரியில் விழுப்புரத்தின் லினக்ஸ் பயனர் குழுவினர் தம் ஊரிலேயே சிறு டெபியன் மாநாட்டை நடத்தியிருந்தனர். மாணவரைச் சென்னைக்கு அனுப்புவதற்கு மாறாக மாநாட்டை மாணவரிடம் கொண்டுவந்தார்கள். பயணச்செலவைக் குறைக்க அதைவிட நேரான வழி இல்லை.

இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். மொழியியல் படித்தவன் என்ற முறையில் ஒரு விடை சொல்வேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு நடத்திய தமிழிணைய மாநாட்டை ஒட்டித்தான் தமிழ்99 விசைப்பலகை நமக்குக் கிடைத்தது. 'அ' எந்த விரலுக்கு, 'க' எந்த விரலுக்கு என்பதை ஓர் அறையில் இருந்தவர்கள் பேசி முடிவுசெய்தார்கள். அவ்வறைக்கு வராத இலட்சக்கணக்கானோரின் விரல்கள் இன்றும் அதன்படி அசைகின்றன. இன்று மொழிக்கருவிகளின் எதிர்காலம் இத்தகைய அறைகளில்தான் பேசப்படுகிறது. கொள்ளேகாலில் வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் பேசும் பெண் அவ்வறையில் இல்லையென்றால், அவள் பேசும் தமிழும் அக்கருவிகளில் இராது.

கன்னடத்தில் 'உசித' என்றால் விலையில்லாதது. கடைப்பலகைகளில் நாள்தோறும் காணலாம். தமிழில் 'உசிதம்' என்றால் தகுந்தது. இரண்டும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். கூட்டம் நடத்த எண்ணும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று: கட்டணத்தை அறிவிக்கும் அன்றே செலவுக் கணக்கையும் வெளியிடுங்கள், பயணப்படியை முதல் செலவாக எழுதுங்கள், பத்து ரூபாயே கட்டினாலும் கட்டியவருக்கு அமைப்பில் ஒரு குரல் கொடுங்கள். உங்கள் ஊரில் பயனர் குழுவோ மென்பொருள் கூட்டமோ நடந்திருந்தால், அரங்கு எப்படிக் கிடைத்தது, செலவை எப்படிப் பகிர்ந்துகொண்டீர்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். மேடைப்பேச்சுகள் காணொளிகளாக நிலைத்துவிடும். கணக்கேடுகளை நாம்தான் காக்கவேண்டும்.