த கோஸ்ட் டிரெயின் (1927 திரைப்படம்)

த கோஸ்ட் டிரெயின் ("பேய்த் தொடர்வண்டி") 1927 ஆம் ஆண்டில் வெளியான நகைச்சுவை கலந்த திகில் வகை ஊமைத் திரைப்படமாகும். ஆங்கில நாடகாசிரியர் ஆர்னால்ட் ரிட்லி எழுதிய அதே பெயருடைய மேடை நாடகத்தைத் தழுவி, பிரித்தானிய-ஜெர்மானியக் கூட்டுத் தயாரிப்பாக இப்படம் எடுக்கப்பட்டது. அங்கேரியரான கேசா வான் போல்வாரி இதனை இயக்கினார். இந்நாடகத்தின் பல திரைவடிவங்களுள் இதுவே முதலாவது. ஜெர்மனியில் டெர் கைஸ்டர்சூக் என்ற பெயரில் இப்படம் அறியப்பட்டது.

இயக்குனர்: கேசா வான் போல்வாரி
மூலக்கதை: ஆர்னால்ட் ரிட்லி
நடிப்பு: கை நியூவால், இல்ச போய்ஸ், லூயி ரால்ஃப்
தயாரிப்பு நிறுவனம்: கெயின்ஸ்பரோ பிக்சர்ஸ் (பிரித்தானியத் தரப்பில்)
வகை: நகைச்சுவை, திகில்
மொழி: ஊமைத் திரைப்படம்

மூல நாடகம்

ஆர்னால்ட் ரிட்லி (1896-1984) இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். முதலாம் உலகப் போரில் படைவீரராகப் பணியாற்றிய இவர், 1916 இல் சொம் சமரில் படுகாயமடைந்தார். அவரது இடது கை ஏறக்குறையச் செயலிழந்தது. போருக்குப் பின் நடிகராகத் தொழிலைத் தொடங்கிய போதிலும், காயங்களின் விளைவாக 1921 இல் நடிப்பைக் கைவிட நேர்ந்தது. அதன் பின்னரே நாடகம் எழுதுவதில் ஈடுபட்டார்.

பிரிஸ்டல் நகருக்கு அருகிலுள்ள மாங்கட்ஸ்ஃபீல்ட் என்னும் சந்திப்பு நிலையத்தில் அடுத்த வண்டிக்காகப் பல மணி நேரம் காத்திருக்க நேர்ந்த அனுபவமே இந்நாடகத்திற்கு வித்திட்டது. நிலையத்தின் அருகே சுற்றுப்பாதை ஒன்று இருந்தது. அதன் வழியே செல்லும் விரைவு வண்டிகள் நிலையத்தை நோக்கி வருவதுபோல் ஒலியெழுப்பி, கண்ணுக்குத் தென்படாமலேயே கடந்து சென்றன. ஓசை உண்டு, வண்டி இல்லை என்ற இந்த நிலையே பேய்த் தொடர்வண்டி என்னும் கருவாயிற்று.

1923 இல் எழுதப்பட்ட இந்நாடகம், 1925 நவம்பரில் இலண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்கில் மேடையேறி, 650 க்கும் மேற்பட்ட தடவைகள் நடிக்கப்பட்டது.

கதைச் சுருக்கம்

கவனிக்க: கதையின் முடிவு பற்றிய விபரங்கள் கீழே தரப்பட்டுள்ளன.

திரைப்படத்திற்கு அடிப்படையான நாடகத்தின் கதை பின்வருமாறு. டெடி டீக்கின் என்ற அசட்டு இளைஞன், தன் தொப்பி வெளியே பறந்துவிட்டதற்காக அபாயச் சங்கிலியை இழுத்து வண்டியை நிறுத்துகிறான். இத்தாமதத்தால் ஆறு பயணிகள் அடுத்த வண்டியைத் தவறவிட்டு, கார்ன்வால் பகுதியின் ஃபால் வேல் என்னும் ஒதுக்குப்புறமான நிலையத்தில் இரவைக் கழிக்க நேர்கிறது. புதுமணத் தம்பதியர், பிரிந்துவிடும் எண்ணத்தில் உள்ள மற்றொரு தம்பதியர், கிளிக்கூண்டுடன் பயணம் செய்யும் மிஸ் போர்ன் என்னும் முதிய பெண்மணி, டீக்கின் ஆகியோரே அந்த அறுவர்.

இரவில் அங்கு தங்க வேண்டாம் என நிலைய அதிகாரி சால் ஹாட்கின் எச்சரிக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன், ஆற்றின் மேலுள்ள திறப்புப் பாலத்தை மூட வேண்டிய நிலைய அதிகாரி திடீரென இறந்துபோனதால், வண்டியொன்று ஆற்றில் விழுந்ததாம். அந்த வண்டி இரவில் பேயாகக் கடந்து செல்லும் என்றும், அதைக் கண்ணால் பார்ப்பவர் இறப்பர் என்றும் அவர் கூறுகிறார். பின்னர் ஜூலியா என்ற பெண் பதற்றத்துடன் ஓடி வந்து, அவர்களது அச்சத்தை மேலும் கூட்டுகிறாள்.

இறுதியில் அனைத்தும் ஆயுதக் கடத்தற்காரரின் ஏற்பாடு எனத் தெரிய வருகிறது. தமது வண்டியை எவரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அவர்கள் பேய்க்கதையைப் பயன்படுத்தி வந்தனர். ஜூலியாவும் அக்கும்பலைச் சேர்ந்தவளே. அசடனாக நடித்த டீக்கின் உண்மையில் ஒரு துப்பறிவாளன்.

கதாபாத்திரங்கள்

கை நியூவால் - டெடி டீக்கின்
இல்ச போய்ஸ் - மிஸ் போர்ன்
லூயி ரால்ஃப் - சால் ஹாட்கின்

ஒலியும் ஊமைப்படமும்

இந்நாடகத்தின் உச்சக்கட்டம் ஒலியையே நம்பியிருந்தது. மேடையில் தொடர்வண்டியைக் கொண்டுவர இயலாது. எனவே திரைக்குப் பின்னால் தோட்டத்து உருளையை மரச்சட்டங்களின் மீது இழுத்தும், இடியோசைத் தகட்டை அதிரச் செய்தும், முரசறைந்தும், ஊதல் ஒலித்தும் வண்டி கடப்பதுபோன்ற உணர்வை மேடைப் பணியாளர் உருவாக்கினர். பார்ப்பவர் இறப்பர் என்ற கதையும் இதற்குப் பொருந்தியது. பாத்திரங்களைப் போலவே பார்வையாளரும் வண்டியைக் காணாமல் கேட்க மட்டுமே செய்தனர்.

ஊமைத் திரைப்படத்தில் நிலைமை நேர்மாறானது. படச்சுருளில் ஒலி இல்லை. திரையரங்கில் இசைக்கப்படும் இசை மட்டுமே துணை. எனவே செவிக்கு எட்டிய அச்சத்தைக் கண்ணுக்குரியதாக மாற்ற வேண்டியிருந்தது. மறுபுறம், மேடைக்கு இயலாத உண்மையான வண்டியையும் தண்டவாளத்தையும் காட்டும் வாய்ப்பு திரைப்படத்திற்கு இருந்தது.

தயாரிப்புப் பின்னணி

மைக்கேல் பால்கன் 1924 இல் நிறுவிய கெயின்ஸ்பரோ நிறுவனம், 1920களில் ஜெர்மானிய நிறுவனங்களுடன் இணைந்து படங்களைத் தயாரித்தது. ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் த பிளஷர் கார்டன் இவ்வாறு மியூனிக் நகரில் எடுக்கப்பட்டதே. ஹாலிவுட் படங்களின் ஆதிக்கத்தை எதிர்கொள்ள ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் சந்தை தேவைப்பட்டது. ஊமைப் படங்களுக்கு இது எளிதாயிற்று. உரையாடல் எழுத்து அட்டைகளில் இடம்பெற்றதால், அட்டைகளை மாற்றினாலே வேறு மொழிக்குரிய படம் கிடைத்துவிடும். நடிகர்கள் ஒரே மொழி பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பேசும்படங்களின் வருகையோடு இவ்வசதி மறைந்தது.

பிற திரைவடிவங்கள்

1931 - வால்டர் ஃபோர்ட் இயக்கத்தில் ஜாக் ஹல்பர்ட், சிசிலி கோர்ட்னிட்ஜ் நடித்த பேசும்படம். இதன் சில பகுதிகளே எஞ்சியுள்ளன.

1941 - மீண்டும் வால்டர் ஃபோர்ட் இயக்கத்தில் ஆர்தர் அஸ்கி, ரிச்சர்ட் மர்டாக் நடித்த படம். டீக்கின் பாத்திரத்தின் நகைச்சுவைப் பகுதி இதில் டாமி காண்டர் என்னும் தனிப் பாத்திரமாகப் பிரிக்கப்பட்டது. போர்க்காலத்திற்கேற்ப, கடத்தற்காரர் நாசி ஆதரவாளர்களாக மாற்றப்பட்டனர்.

துணுக்குகள்

போல்வாரி, ரிட்லி இணைந்து எழுதிய மற்றொரு தொடர்வண்டி நாடகத்தையும் த ரெக்கர் (1929) என்ற பெயரில் படமாக்கினார். அதற்காக 1928 இல் ஹாம்ப்சயரின் ஹெரியர்ட் அருகே உண்மையான தொடர்வண்டி ஒன்று மோதி நொறுக்கப்பட்டது.

ஆர்னால்ட் ரிட்லி முதுமையில் டாட்'ஸ் ஆர்மி (1968-1977) என்ற பிபிசி தொலைக்காட்சித் தொடரில் காட்ஃப்ரி என்ற மென்மையான முதியவராக நடித்துப் புகழ்பெற்றார். அப்பாத்திரம், மனச்சான்றின்படி போரிட மறுத்தவராகச் சித்தரிக்கப்பட்டது.

கதைக்கு வித்திட்ட மாங்கட்ஸ்ஃபீல்ட் நிலையம் 1966 இல் மூடப்பட்டது.