பழைய கணினி விளையாட்டுகளைச் சாளரத்திற்குள் இயக்குவது எப்படி?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பழைய கணினி ஒன்றின் வன்தட்டு பல ஆண்டுகளாகத் துணியால் சுற்றி அலுமாரிக்குள் வைக்கப்பட்டிருந்தது. ஏ9 வீதி 2002 இல் திறக்கப்பட்ட பின்னர் அந்தக் குடும்பம் வாங்கிய கணினி அது. அதில் விளையாடிய மூத்த மகன் இன்று இல்லை. கணினியும் இடப்பெயர்வில் போய்விட்டது. கழற்றி எடுத்த வன்தட்டு மட்டும் மிஞ்சியது.

அண்மையில் தம்பி அதைத் தனது மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தான். அண்ணன் விளையாடிய ‘டயாப்லோ 2’ என்ற விளையாட்டின் கோப்புறை அப்படியே இருந்தது. ஆனால் விளையாட்டைத் திறந்ததும் திரை கறுத்தது. வெளியே வரவும் முடியவில்லை. கடைசியில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துத்தான் கணினியை நிறுத்தினான்.

பழைய விளையாட்டுகளைப் புதிய கணினியில் திறந்து பார்த்த பலருக்கு இது பழக்கமான அனுபவம். இதற்குப் பெரும்பாலும் உதவும் வழி, விளையாட்டை முழுத்திரையில் ஓடவிடாமல் ஒரு சாளரத்திற்குள் ஓடவைப்பது. அதனை எப்படிச் செய்வது என்பதை இலகுவானதில் இருந்து கடினமானது வரை வரிசையாகப் பார்ப்போம்.

ஏன் இந்தச் சிக்கல்?

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த விளையாட்டுகள், கணினி முழுவதும் தமக்கே சொந்தம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. அன்றைய கணினிகளின் வேகம் குறைவு. ஆகவே திரையை முழுமையாகத் தன் பிடிக்குள் எடுத்துக்கொண்டால்தான் விளையாட்டு தடங்கலின்றி ஓடும். மைக்ரோசொப்ட் 1995 இல் வெளியிட்ட ‘டைரக்ட்எக்ஸ்’ இதற்கு வழி செய்துகொடுத்தது.

அந்த விளையாட்டுகள் திரையின் அளவை 640க்கு 480 அல்லது 800க்கு 600 புள்ளிகள் என்று மாற்றிவிடும். பலவற்றில் நிறங்களும் 256 மட்டுமே. இன்றைய பல திரைகள் 1920க்கு 1080 புள்ளிகள் கொண்டவை. புதிய திரையும் புதிய விண்டோஸும் அந்தப் பழைய கட்டளையைச் சரியாக ஏற்காதபோது திரை கறுக்கிறது, நிறங்கள் குழம்புகின்றன, படம் பக்கவாட்டில் இழுபடுகிறது.

சாளரத்திற்குள் ஓடும்போது திரையின் அளவு மாறுவதில்லை. 640க்கு 480 அளவுள்ள சாளரம் இன்றைய திரையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இடத்தையே பிடிக்கும். எஞ்சிய இடத்தில் மணிக்கூடு தெரியும். வெளிநாட்டில் இருந்து வரும் அழைப்பு தெரியும். விளையாட்டு உறைந்துபோனாலும் கணினியை நிறுத்தாமல் அதை மட்டும் மூடிவிடலாம்.

எம்மவர் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. இந்த விளையாட்டுகள் பலவற்றில் துப்பாக்கிச் சத்தமும் குண்டுச் சத்தமும் உண்டு. அவற்றைக் கேட்டால் நெஞ்சு பதறும் ஒருவர் பக்கத்து அறையில் இருக்கலாம். விளையாடுபவரே அப்படியானவராகவும் இருக்கலாம். சாளரத்தில் ஓடும்போது, கீழே உள்ள ஒலிக்குறியை வலப்பக்கமாகக் கிளிக் செய்து ‘வொல்யூம் மிக்ஸரை’த் திறந்து, அந்த விளையாட்டின் சத்தத்தை மட்டும் உடனே குறைக்கலாம்.

முதலில் பிரதி எடுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னர் விளையாட்டின் கோப்புறை முழுவதையும் பிரதி எடுத்து வேறொரு இடத்தில் வையுங்கள். மீண்டும் நிறுவும்போது பழைய சேமிப்புகள் அழிந்துபோகக்கூடும். ஒருவர் சேமித்து வைத்த ஆட்டம் சில கிலோபைட் அளவுள்ள சிறு கோப்புத்தான். ஆனால் போனால் மீண்டும் கிடைக்காது.

சேமிப்புகள் எங்கே இருக்கும்? ‘டயாப்லோ 2’இன் பழைய பதிப்புகளில், விளையாட்டின் கோப்புறைக்குள் ‘சேவ்’ என்ற கோப்புறையில் இருக்கும். ஒவ்வொரு வீரனுக்கும் அவனது பெயரிலேயே ஒரு கோப்பு உண்டு. ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’இல் ‘சேவ்கேம்’ என்ற கோப்புறையைத் தேடுங்கள். ‘ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி’ தனது சேமிப்புகளை ‘மை டொக்கியுமென்ட்ஸ்’ பகுதியில் தன் பெயரில் உள்ள கோப்புறையில் வைக்கும்.

விண்டோஸ் விஸ்டா, அதற்குப் பிந்திய பதிப்புகளில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் பழைய விளையாட்டுகள் நேரடியாக எழுத முடியாது. அவை எழுதுவதை விண்டோஸ், பாவனையாளரின் ‘அப்டேட்டா’ கோப்புறைக்குள் உள்ள ‘வேர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற இடத்திற்குத் திருப்பிவிடும். சேமிப்பைக் காணவில்லை என்றால் அங்கேயும் தேடிப் பாருங்கள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, பழைய விளையாட்டுகளை ‘சி’ வட்டில் ‘கேம்ஸ்’ என்று தனியாக ஒரு கோப்புறை அமைத்து அதற்குள் வைப்பது நல்லது.

முதலாவது வழி: இரண்டு விசைகள்

விளையாட்டு ஓடும்போது ‘ஆல்ட்’ விசையையும் ‘என்டர்’ விசையையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். பல விளையாட்டுகள் இதற்கே சாளரமாக மாறிவிடும். 1998 இல் வெளிவந்த ‘ஸ்டார்கிராஃப்ட்’ நல்ல உதாரணம். அதன் மூலப் பதிப்பில் சாளர வசதி இருக்கவில்லை. 2017 இல் நிறுவனம் அதனை இலவசமாக வழங்கியபோது அந்த வசதியையும் சேர்த்தது.

விளையாட்டின் ‘ஒப்ஷன்ஸ்’ பகுதியில் ‘வீடியோ’ என்ற இடத்தையும் பாருங்கள். ‘ஹாஃப்-லைஃப்’, ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ போன்றவற்றில் சாளரத்தில் இயக்குவதற்கான தெரிவு அங்கேயே உண்டு.

இரண்டாவது வழி: குறுக்குவழியில் ஒரு சொல்

சில விளையாட்டுகளில் சாளர வசதி மறைந்திருக்கும். திறக்கும்போது கட்டளை ஒன்றைக் கூடவே கொடுத்தால்தான் அது வேலை செய்யும். முறை இதுதான்:

1. திரையில் உள்ள விளையாட்டின் குறுக்குவழிக் குறியை வலப்பக்கமாகக் கிளிக் செய்து ‘புரொப்பர்ட்டீஸ்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள்.
2. ‘டார்கெட்’ என்ற பெட்டியில் விளையாட்டின் முகவரி இருக்கும். அதன் இறுதிக்குச் செல்லுங்கள். முகவரி மேற்கோள் குறிகளுக்குள் இருந்தால், கடைசி மேற்கோள் குறிக்கு வெளியே செல்ல வேண்டும்.
3. ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடு ஒன்றைப் போட்டு, அதனுடன் ஒட்டியபடி கட்டளையை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.
4. ‘ஓகே’ கொடுத்து, அதே குறுக்குவழியால் விளையாட்டைத் திறவுங்கள்.

கட்டளை விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். ‘டயாப்லோ 2’இற்குச் சிறுகோட்டுடன் ‘டபிள்யூ’ என்ற ஒற்றை எழுத்து போதும். ‘வோர்கிராஃப்ட் 3’இன் பழைய பதிப்புகளுக்கும் ‘ஹாஃப்-லைஃப்’பிற்கும் ‘விண்டோ’ என்ற முழுச்சொல். ‘ரெட் அலேர்ட் 2’இற்கு ‘வின்’ என்ற மூன்று எழுத்துகள். இடைவெளி விட மறப்பதும், மேற்கோள் குறிக்கு உள்ளே எழுதுவதும் பலர் விடும் தவறுகள்.

மூன்றாவது வழி: விண்டோஸின் ஒத்திசைவு வசதி

விளையாட்டின் இயக்கக் கோப்பை வலப்பக்கமாகக் கிளிக் செய்து ‘புரொப்பர்ட்டீஸ்’ சென்றால் ‘கொம்பாட்டிபிலிட்டி’ என்ற பகுதி இருக்கும். அங்கே விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய பதிப்பைத் தெரிவு செய்யலாம். அதே இடத்தில் நிறங்களைக் குறைக்கும் தெரிவும் உண்டு.

இவை தனியே விளையாட்டைச் சாளரமாக்க மாட்டா. ஆனால் இரண்டாவது வழியுடன் சேர்ந்து உதவும். ‘ரெட் அலேர்ட் 2’ சாளரத்தில் ஓடுவதற்கு 16 பிட் நிறம் தேவை. கட்டளையைச் சேர்த்தும் அது திறக்க மறுத்தால் இங்கே 16 பிட் என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

நான்காவது வழி: இடையில் நிற்கும் மென்பொருள்

சில விளையாட்டுகளில் எந்தக் கட்டளையும் இல்லை. அவற்றுக்கு, விளையாட்டிற்கும் விண்டோஸிற்கும் இடையில் நின்று மொழிபெயர்க்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. ‘திரை முழுவதையும் தா’ என்று விளையாட்டு கேட்கும். இடையில் நிற்கும் மென்பொருள் ‘தந்துவிட்டேன்’ என்று சொல்லி, ஒரு சாளரத்தை மட்டும் கொடுக்கும். விளையாட்டுக்கு வித்தியாசம் தெரியாது.

சிஎன்சி-டிடிரோ: இரு பரிமாணப் பழைய விளையாட்டுகளுக்கு இதுவே இலகுவானது. முதலாவது ‘ரெட் அலேர்ட்’, ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ போன்றவற்றுக்குப் பொருந்தும். தரவிறக்கிய கோப்புகளை விளையாட்டின் கோப்புறைக்குள் போட்டு, அதனுடன் வரும் அமைப்புக் கருவியைத் திறந்து சாளரம் என்பதைத் தெரிவு செய்தால் போதும். 256 நிறக் குழப்பத்தையும் இது தீர்க்கும். 1996 இல் வந்த முதலாவது ‘ரெட் அலேர்ட்’டை நிறுவனமே 2008 இல் இலவசமாக வெளியிட்டது. பழகிப் பார்க்க அது உகந்தது.

டிஜிவூடு 2: முப்பரிமாண விளையாட்டுகளுக்கு உரியது. ‘வைஸ் சிட்டி’யைப் போல டைரக்ட்எக்ஸ் 8 பாவிக்கும் விளையாட்டுகளுக்கும் பொருந்தும். இதனுடன் வரும் பொதியில் ‘எம்.எஸ்.’ என்ற கோப்புறைக்குள் ‘எக்ஸ்86’ என்ற கோப்புறை இருக்கும். அதில் உள்ள கோப்புகளையும் கட்டுப்பாட்டுக் கருவியையும் விளையாட்டின் கோப்புறைக்குள் பிரதி செய்யுங்கள். பின்னர் கருவியைத் திறந்து ‘விண்டோட்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

டிஎக்ஸ்விண்ட்: இதில் தெரிவுகள் மிக அதிகம். விளையாட்டின் இயக்கக் கோப்பை இதன் பட்டியலில் சேர்த்து, சாளரத்தில் இயக்கும் தெரிவு இடப்பட்டிருப்பதை உறுதிசெய்து, இதனூடாகவே விளையாட்டைத் திறக்க வேண்டும். மற்றவை கைவிடும்போது இதனை முயன்று பாருங்கள்.

இவை இன்னொரு மென்பொருளின் வேலைக்குள் தலையிடுவதால், வைரஸ் தடுப்பு மென்பொருள் சிலவேளைகளில் எச்சரிக்கும். ஆகவே இவற்றை உருவாக்கியவர்களின் சொந்தப் பக்கங்களில் இருந்து மட்டும் தரவிறக்குங்கள். கைமாறி வரும் பென்டிரைவ்களில் இருந்து எடுக்க வேண்டாம். வைரஸ் தடுப்பை முற்றாக நிறுத்திவைக்கவும் வேண்டாம்.

டொஸ் காலத்து விளையாட்டுகள்

‘பிரின்ஸ் ஒஃப் பேர்சியா’ போன்ற டொஸ் விளையாட்டுகள் இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடமாட்டா. அவற்றுக்கு ‘டொஸ்பொக்ஸ்’ என்ற இலவச மென்பொருள் தேவை. அது தானாகவே சாளரத்தில்தான் திறக்கும். விளையாட்டின் கோப்புறையை ‘மவுண்ட்’ என்ற கட்டளையால் இணைத்து, பின்னர் விளையாட்டைத் திறக்கலாம்.

சாளரம் மிகச் சிறிதாகத் தெரிந்தால், அதன் அமைப்புக் கோப்பில் ‘விண்டோரெசொலூஷன்’ என்ற இடத்தில் 1024க்கு 768 என்று கொடுங்கள். அத்துடன் ‘அவுட்புட்’ என்ற இடத்தில் ‘சர்ஃபேஸ்’ என்றிருப்பதை ‘ஓப்பன்ஜிஎல்’ என்று மாற்ற வேண்டும். இதை மாற்றாவிட்டால் முதல் மாற்றம் வேலை செய்யாது.

மவுஸ் சிக்கிக்கொண்டால்

சாளரத்தில் விளையாடும்போது மவுஸ் வெளியே ஓடிவிடலாம், அல்லது உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். டொஸ்பொக்ஸில் ‘கொன்ட்ரோல்’ விசையுடன் ‘எஃப்10’ஐ அழுத்தினால் மவுஸ் விடுபடும். சிஎன்சி-டிடிரோவில் ‘கொன்ட்ரோல்’ விசையுடன் ‘டப்’. டிஜிவூடு 2இல் மவுஸை உள்ளே பிடித்துவைக்கத் தனித் தெரிவு உண்டு. திரையின் ஓரத்திற்கு மவுஸைக் கொண்டுசென்று வரைபடத்தை நகர்த்தும் போர் விளையாட்டுகளுக்கு அது அவசியம்.

எவை ஓடமாட்டா?

விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் விளையாட்டுகள் 64 பிட் விண்டோஸில் ஓடமாட்டா. ‘சேஃப்டிஸ்க்’ என்ற பிரதித் தடுப்புடன் வந்த இறுவட்டுகளும் விண்டோஸ் 10இல் இயங்கமாட்டா. பாதுகாப்புக் காரணங்களுக்காக மைக்ரோசொப்ட் 2015 இல் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அப்படியான விளையாட்டுகளுக்கு, இணையத்தில் சட்டபூர்வமாக விற்கப்படும் புதிய பதிப்பை வாங்குவதே வழி. ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’ 2013 இலும் 2019 இலும் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளிவந்திருக்கிறது.

‘டைரக்ட்பிளே இல்லை’ என்ற செய்தி வந்தால் பயப்படத் தேவையில்லை. விண்டோஸ் வசதிகளைச் சேர்க்கும் பகுதியில் ‘லெகசி கொம்போனென்ட்ஸ்’ என்பதற்குள் அது இருக்கிறது. அடையாளமிட்டு ‘ஓகே’ கொடுத்தால் போதும்.

ஆரம்பத்தில் சொன்ன வீட்டில், தம்பி முதலில் அந்த ‘சேவ்’ கோப்புறையைத் தனியாக இரண்டு இடங்களில் பிரதி எடுத்தான். பின்னர் குறுக்குவழியில் சிறுகோட்டையும் ஓர் எழுத்தையும் சேர்த்தான். விளையாட்டு திரையின் ஒரு மூலையில் சிறிய சாளரமாகத் திறந்தது. வீரர்களின் பட்டியலில் அண்ணன் வைத்த பெயர் இருந்தது.

அவன் விளையாடத் தொடங்கவில்லை. பக்கத்தில் இன்னொரு சாளரத்தைத் திறந்து கனடாவில் உள்ள அக்காவுக்கு அழைப்பு எடுத்தான். அம்மாவையும் கூப்பிட்டான். மூவரும் அந்தப் பெயரை ஒன்றாகப் பார்த்தார்கள்.