மாகாளிக்கிழங்கின் கதை

ஓசூர் பக்கத்துப் பழைய குடும்பங்களில் மாகாளிக்கிழங்கு ஊறுகாய் தெரியாதவர்கள் குறைவு. ஜாடியைத் திறந்தால் பாதிப் பேர் மோர்சாதத்தோடு தட்டை நீட்டுவார்கள். மீதிப் பேர் "மூட்டைப்பூச்சி நாற்றம்" என்று மூக்கைப் பிடிப்பார்கள். எங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை உண்டு. ஆனால் அந்தக் கிழங்கு எந்தச் செடியுடையது, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று அதிகம் பேர் கேட்பதில்லை.

பாறை இடுக்கில் வேர்விட்டு, பக்கத்து மரஞ்செடிகளின் மேல் படர்ந்து ஏறும் புதர்க்கொடி இது. ஒடித்தால் பால் வரும். தென்னிந்தியாவின் வறண்ட மலைச்சரிவுகள்தான் இதற்குத் தாய்வீடு. தருமபுரி, சேலம், வேலூர் பக்கத்து மலைகள், கர்நாடகத்தின் தென்பகுதி, ஆந்திராவின் சித்தூர்ப் பக்கம். கன்னடக்காரர்கள் 'மாகளி பேரு' என்பார்கள். பேரு என்றால் வேர். மூன்று மொழியும் கலந்த நம் எல்லைக்கு ஏற்ற செடிதான்.

இதற்கு விஞ்ஞானப் பெயர் டெகாலெபிஸ் ஹாமில்டோனியை. 1834-இல் ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னட் என்ற இருவர் சூட்டியது. வைட், கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக 1819-இல் சென்னைக்கு வந்தவர். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. அங்கே 'தெக்காலித்ரு' என்றால் பத்து லிட்டர் என்று மனப்பாடம் செய்தவனுக்கு 'டெகா' பத்து என்பது உடனே விளங்கியது. 'லெபிஸ்' என்பது கிரேக்கத்தில் செதில். பூவில் உள்ள சிறு செதில்களைப் பார்த்து வைத்த பெயர். நமக்கோ பூ தெரியாது, வேர் மட்டுமே தெரியும். சிக்கலே அங்கேதான்.

மாங்காய் பறித்தால் மரம் நிற்கும். மாகாளியைத் தோண்டினால் கொடியே போயிற்று. தடித்த கிழங்குக்குத்தான் சந்தையில் மதிப்பு. அது வயதான கொடியில்தான் இருக்கும். விதை கொடுக்க வேண்டியதும் அதே கொடிதான். குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவனுக்குக் கணக்கின் ஓட்டை சட்டென்று கண்ணில் படும். வியாபாரியின் நோட்டில் கிலோவுக்குப் பத்தி உண்டு, எத்தனை கொடி என்பதற்குப் பத்தி இல்லை.

ஊறுகாய் மட்டும் காரணமல்ல. உண்மையான நன்னாரியின் வேர் மெலிந்தது. மாகாளி வேர் தடிமனானது, வாசனையும் கிட்டத்தட்ட அதே. அதனால் நன்னாரிக்குப் பதிலாக இது சர்பத்துக்கும் மருந்துக்கும் போகிறது. இதன் மணத்துக்குக் காரணமான பொருள், ஐஸ்கிரீமில் சேரும் வெனிலினுக்கு நெருங்கிய உறவு. அணுக்கள் அதே, அடுக்கிய விதம்தான் வேறு.

மூலிகைச் செடிகளின் நிலையை ஆராய்ந்த நிபுணர்கள் இதை 'அருகிவரும் இனம்' என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். உலக அளவில் அந்த வகைக்குள்ள அளவுகோல்களில் ஒன்று, பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறைக்குள் பாதி அழிந்திருப்பது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் 1991-இல் ஆறு வகைத் தாவரங்களைச் சேர்த்தார்கள். மாகாளி அதில் இல்லை.

நம் மாவட்டத்துப் பாறைக்கு வேறு ஒரு கிராக்கியும் உண்டு. கிருஷ்ணகிரி கிரானைட் கப்பலேறிப் போகிறது. பாறைச்சரிவு போனால் அதை நம்பிய செடிகளும் போகும். ஆறுதலான செய்தி, 2014-இல் காவிரி வடக்கு சரணாலயம் சுமார் 504 சதுர கிலோமீட்டரிலும், 2022-இல் காவிரி தெற்கு சுமார் 686 சதுர கிலோமீட்டரிலும் அறிவிக்கப்பட்டன. பேச்சு யானையைப் பற்றியே இருந்தாலும், சரணாலயத்துக்குள் செடியைப் பிடுங்குவதும் குற்றம்தான்.

ஆனால் தோண்டுகிறவர்கள் பெரும்பாலும் இருளர் போன்ற மலைமக்கள். அவர்களுக்கு அது அன்றாடக் கஞ்சி. தடை மட்டும் போட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையம் திசுவளர்ப்பில் இதன் கன்றுகளை உருவாக்கியிருக்கிறது. அந்தக் கன்றுகளை மலைமக்களின் சொந்த நிலத்தில் நட்டு, விளைச்சலை நல்ல விலைக்கு நாம் வாங்குவதுதான் இரண்டு பேரையும் காப்பாற்றும் வழி. கிழங்கு கையில் வரச் சில வருடம் ஆகும். அதுவரை ஒரு ஜாடி போடுகிற வீட்டில் அரை ஜாடி போட்டால் போதும். மூக்கைப் பிடிக்கிறவர்கள் நிச்சயம் ஆட்சேபிக்க மாட்டார்கள்.