ரோமாபுரியின் நீர்க்கால்களும் நீர்க்கள்வரும்

நகரொன்றன் பெருமையை அதன் மாடமாளிகைகளைக் கொண்டு அளத்தல் உலக வழக்கு. யாமோ, அந்நகர மாந்தர் எந்நீரை உண்டனர், கழிநீரை எவ்வழிப் போக்கினர் என்னும் இரண்டினைக் கொண்டே அளத்தல் தகும் என்போம். இவ்விரண்டானும் பண்டையுலகிற் பெரும்பெயர் பெற்றது ரோமாபுரி.

அந்நகர் தோன்றிய பின்னர் 441 ஆண்டுகள் வரை அதன் மக்கள் டைபர் ஆற்றையும் கிணறுகளையும் ஊற்றுக்களையுமே நம்பி வாழ்ந்தனர் என்ப. கி. மு. 312-ஆம் ஆண்டில் அப்பியஸ் கிளாடியஸ் என்னும் பெரும் பதவியாளன் முதல் நீர்க்காலை அமைத்தான். ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள அது பெரும்பாலும் நிலத்தின்கீழ்ச் சென்றது. கி. மு. 144-இல் தொடங்கப்பெற்ற மார்சியா என்னும் கால் ஏறக்குறைய 91 கிலோமீட்டர் நீண்டது. கி. பி. 226-இல் இத்தகைய கால்கள் பதினொன்றாயின.

இவற்றின் இயல்பு யாதெனிற் கூறுதும். நீரை மேலேற்றும் பொறி யாதுமின்றி, ஊற்றுவாயினின்று நகர்வரை சிறுகச் சிறுகத் தாழும் சரிவினாலேயே நீர் ஓடியது. பள்ளம் குறுக்கிட்டவிடத்து வில்வளைவுகளை எழுப்பி, அவற்றின்மீது காலைச் செலுத்தினர். வண்டல் படிதற்கு இடையிடையே தொட்டிகள் இருந்தன. நகரடைந்த நீர் ஈயக்குழாய்களின் வழியே பொதுத் தொட்டிகட்கும், நீராடு மண்டபங்கட்கும், அரசாணை பெற்ற தனியார் மனைகட்கும் பிரிந்தது. தனியார்க்குரிய அளவு மிகாதிருத்தற்பொருட்டு முத்திரையிட்ட வெண்கலத் தூம்பொன்று குழாய்த் தலைப்பிற் பொருத்தப்பட்டது. வழிந்த நீரும் வீண்போகவில்லை. அது சாக்கடைகளைக் கழுவிச் சென்றது. அவற்றுட் பெரியதாகிய குளோவாக்கா மாக்சிமா டைபர் ஆற்றிற் சென்று கலந்தது.

நிற்க. கி. பி. 97-இல் நெர்வா மன்னன், பிரொண்டினஸ் என்னும் பெரியாரை நீர்க்காவல் தலைவராக நியமித்தான். முன்னர் பிரிட்டானிய நாட்டின் ஆளுநராயிருந்தவர் அவர். தம்கீழ்ப் பணிபுரிவார் சொற்படியே தலைவன் நடத்தல் இழிவெனக் கருதி, அவர் நீர்க்கால்களைத் தாமே ஆராய்ந்தார். அரசாங்க ஏட்டிற் கண்ட நீர் 12,755 அளவு. ஊற்றுவாய்களில் அவர் அளந்ததோ அதனினும் ஏறக்குறைய 10,000 மிகுதி. நீரோட்டத்தின் விரைவைக் கணியாது வாய்ப்பரப்பையே அளந்தாராதலின் அவ்வெண் துல்லியமன்று. ஆயினும் அவர் கண்ட களவு மெய்யே. புறநகர் நிலக்கிழார் கால்களைத் துளைத்துத் தம் தோட்டங்கட்குப் பாய்ச்சினர். நீர்க்காவலரோ முத்திரையில்லாத் தூம்புகளை வைத்தும், தெருத்தளத்தின் கீழ்ச் செல்லும் குழாய்களை மறைவிற் பொத்தலிட்டும் பொதுநீரை விற்றுப் பொருளீட்டினர். வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

கால்களைப் பேணுதற்கு 240 பொது அடிமைகளும் 460 மன்னன் அடிமைகளும், ஆக 700 பேர் இருந்தனர். அவருட் பலர் தனியார் வேலைகட்குத் திருப்பப்பட்டிருந்தனர். பிரொண்டினஸ் அவர்களை மீட்டு, மறுநாட்குரிய பணியை முன்னாளே வகுத்து, அன்றன்று செய்ததை ஏட்டிற் பதிவித்தார். கட்டுவித்தார் பெயர் கால்கட்குப் பெயராய் நின்றது. இருளிலும் சேற்றிலும் இறங்கி அவற்றைக் காத்த எழுநூற்றுவர் பெயரை நாம் எங்ஙனம் அறிவோம்?

கி. பி. 537-இல் கோத்தர் நகரை முற்றுகையிட்டபோது கால்களை அறுத்தனர். நீராடு மண்டபங்கள் வறண்டன. பின்னாளிற் செப்பனிடப்பட்ட விர்கோ என்னும் கால் இன்றும் திரேவி நீரூற்றுக்கு நீர் தருகின்றது.

அன்பர்காள்! பகைவர் காலை அறுத்தது ஒருமுறை. உள்ளூரார் அதனைத் துளைத்தது நாடோறும். பொதுப்பொருள் எல்லார்க்கும் உரியதாதலின், யார்க்கும் உரியதன்று எனக் கொள்வார் எக்காலத்தும் உளர். கல்லும் சுண்ணமும் கொண்டு கால் அமைத்தல் அறிவின் செயல். கடைமடை மனைக்கும் அதன் நீர் சேருமாறு விழித்திருந்து காத்தல் அறத்தின் செயல். முன்னது ஒரு தலைமுறையின் கடன். பின்னது ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய கடன்.