'ஏசியா/கொல்கத்தா'வுக்குள்ள இருக்கற மெட்ராஸ் நேரம்

அணைக்கட்டுல தோப்பு மோட்டாருக்கு கன்ட்ரோலர் வைக்கிறவங்களும் சரி, ஆம்பூர்ல வீட்டு விளக்கை போன்ல அணைக்கிறவங்களும் சரி, நேரம் செட் பண்ணும்போது பெரும்பாலும் ஒரே பேரைத்தான் தேர்வு செய்யறாங்க: 'ஏசியா/கொல்கத்தா'. கணினிகள் நம்பியிருக்கற நேர மண்டலத் தரவுத்தளத்துல சென்னைக்குன்னு தனிப் பேர் கிடையாது. ஆனா அந்தக் கொல்கத்தா பதிவைத் திறந்து பார்த்தா, உள்ள மெட்ராஸ் இருக்கு.

முதல் வரி கல்கத்தாவோட உள்ளூர் நேரம்: கிரீன்விச்சை விட 5 மணி 53 நிமிஷம் முன்னாடி. 1870-லிருந்து வேற ஒரு வரி: 5 மணி 21 நிமிஷம் 10 நொடி. அதுதான் மெட்ராஸ் நேரம். 1906 ஜனவரி 1 முதல்தான் நமக்குப் பழகின ஐந்தரை மணி நேரம் வருது.

மெட்ராஸ் எப்படி உள்ள வந்தது? கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல நுங்கம்பாக்கத்துல வானாய்வகம் கட்டினது. அங்க இருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1802-ல மெட்ராஸோட தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். தீர்க்கரேகை தெரிஞ்சா, நேரமும் தெரியும். ஒரு பாகைக்கு 4 நிமிஷம்.

1856 ஜூலை 1-ல ராயபுரத்துலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடிச்சு. பிறகு அதே பாதை காட்பாடி, ஆம்பூர்னு மேற்கே நீண்டது. ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து மணி சொன்னா ரயில் ஓட்ட முடியாது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல வித்தியாசம். மெட்ராஸ் ரெண்டுக்கும் நடுவுல. வானாய்வகத்துலிருந்து தந்தியில நேரத்தை அனுப்பவும் முடிஞ்சது. அதனால ரயில்வே மெட்ராஸ் நேரத்தை எடுத்துக்கிச்சு.

1906-ல 82.5 பாகை கிழக்கை வச்சு இந்திய நேரம் வந்தப்போ, மெட்ராஸ் கடிகாரங்கள் 9 நிமிஷம் முன்னாடி போனா போதும். பம்பாய்க்கு அது 39 நிமிஷம். எதிர்ப்பு பலமா இருந்தது. 1955 வரைக்கும் பம்பாய் நேரம் புழக்கத்துல இருந்தது.

இதெல்லாம் பழங்கதைன்னு விட முடியாது. பைத்தான்ல 'பைடிஇசட்' நூலகத்தை வச்சு, நேரத்தோட மண்டலத்தை நேரடியா ஒட்டினா, அது முதல் வரியை, அதாவது 5:53-ஐ எடுத்துக்கும். காலை 6 மணிக்குன்னு எழுதின மோட்டார் 5:37-க்கே ஓடும். 23 நிமிஷப் பிழைன்னு பார்த்தா, காரணம் பெரும்பாலும் இந்தப் பழைய கல்கத்தாதான். அந்த நூலகத்தோட 'லோகலைஸ்' செயலையோ, புது 'ஸோன்இன்ஃபோ'வையோ பயன்படுத்தினா சரியாயிடும்.

இன்னொண்ணு, கரண்ட். ராஸ்பெரி பை 4 வரைக்குமான போர்டுகள்ல கடிகாரச் சிப் கிடையாது. ரெண்டு மணி நேரம் கரண்ட் போய் வந்து, இன்டர்நெட் இன்னும் வரலைன்னா, கடைசியாச் சேமிச்ச நேரத்துலிருந்தே எண்ண ஆரம்பிக்கும். மோட்டார் ரெண்டு மணி நேரம் தாமதமாகும். அதுக்குள்ள த்ரீ ஃபேஸ் போயிருந்தா அன்னைக்குத் தண்ணி இல்லை. பட்டன் பேட்டரியோட டிஎஸ் 3231 மாட்யூல் ஒண்ணு மாட்டிடுங்க.

மூணாவது, இடம். 'பொழுது சாஞ்சதும் விளக்கு'ன்னு வச்சா, கன்ட்ரோலர் மண்டலத்தைப் பார்க்காது. அட்சரேகை, தீர்க்கரேகையைப் பார்க்கும். அணைக்கட்டு ஏறக்குறைய 79 பாகையில இருக்கு. சராசரியா இங்க உச்சிப்பொழுது 12:14-க்குத்தான். இடத்தைக் கொல்கத்தான்னு விட்டுட்டா, சராசரியா 37 நிமிஷம் தப்பும்.

ஆக, மண்டலம் சர்க்கார் முடிவு பண்ணினது, பொழுது ஊருக்கு ஊர் வேற. கன்ட்ரோலருக்கு ரெண்டையும் தனித்தனியாச் சொல்லணும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.